'டிப்ளோர்': சீன மொழி பேசுவோருக்குப் பிடிபடாத ஓர் ஆங்கில வினைச்சொல்

2022 பிப்ரவரி 25 அன்று ஐ.நா. பாதுகாப்பு அவையில் நடக்கவிருந்த ஒரு வாக்கெடுப்பு சுமார் இரண்டு மணி நேரம் தள்ளிப்போனது. உக்ரைனுக்குள் ரஷ்யப் படைகள் நுழைந்து ஒரு நாள்தான் ஆகியிருந்தது. அமெரிக்காவும் அல்பேனியாவும் கொண்டுவந்த தீர்மானத்தை ரஷ்யா வீட்டோ செய்துவிடும் என்பது எல்லோருக்கும் தெரியும். எஞ்சிய கேள்வி சீனா என்ன செய்யும் என்பதுதான். ரஷ்யாவோடு சேர்ந்து எதிர்த்து வாக்களிக்குமா, ஒதுங்கி நிற்குமா? அந்த இரண்டு மணி நேரத்தில் வரைவு மாறியது. பொருளாதாரத் தடைக்கும் ராணுவ நடவடிக்கைக்கும் வழிவிடும் ஐ.நா. சாசனத்தின் ஏழாம் அத்தியாயத்தைச் சுட்டிய வரி நீக்கப்பட்டது. 'கண்டெம்' (condemn) என்றிருந்த வினைச்சொல் 'டிப்ளோர்' (deplore) ஆனது. வாக்கெடுப்பில் 11 நாடுகள் ஆதரவு, ரஷ்யா எதிர்ப்பு. சீனா, இந்தியா, ஐக்கிய அரபு அமீரகம் மூன்றும் ஒதுங்கி நின்றன.

இரண்டு சொற்களையும் தமிழில் 'கண்டனம்' என்றே எழுதிவிடுகிறோம். நம் செய்திகளில் யாருக்கும் எதற்கும் 'கடும் கண்டனம்'தான். ஆங்கிலம் கற்கும் சீன மாணவருக்கும் இதே சிக்கல் உண்டு. ஜி.ஆர்.ஈ. போன்ற தேர்வுகளுக்காக அவர் மனப்பாடம் செய்யும் சொற்பட்டியலில் 'டிப்ளோர்' இருக்கும். எதிரே 'ச்சியென்ஸ' என்று ஒரு சீனச் சொல். 'கண்டெம்' என்பதற்கு எதிரேயும் அதே 'ச்சியென்ஸ'. பட்டியலை நம்பினால் இரண்டும் ஒன்றுதான். அப்படி ஒன்றாக இருந்திருந்தால் பாதுகாப்பு அவையில் யாரும் இரண்டு மணி நேரம் காத்திருக்க வேண்டியதில்லை.

வேறுபாடு வேரிலேயே இருக்கிறது. 'கண்டெம்' நீதிமன்றத்துச் சொல். லத்தீனில் அதன் மூலத்துக்குக் குற்றவாளி எனத் தீர்ப்பளிப்பது என்று பொருள். இன்றும் ஆங்கிலத்தில் மரண தண்டனை விதிக்கப்பட்டவரைக் குறிக்கவும், குடியிருக்கத் தகுதியற்றது என அதிகாரிகள் அறிவித்த கட்டடத்தைக் குறிக்கவும் அதுதான் வருகிறது. 'டிப்ளோர்' துக்கவீட்டுச் சொல். 'ப்ளோராரே' என்றால் லத்தீனில் வாய்விட்டு அழுவது. முன்னொட்டு சேர்ந்து 'தேப்ளோராரே' ஆகும்போது அந்த அழுகை கூடுகிறது. கண்ணீரோடு மன்றாடுவதைக் குறிக்கும் 'இம்ப்ளோர்' இதற்கு உடன்பிறப்பு. பிரெஞ்சில் இதன் வழிவந்த சொல் அழுகையை இன்னும் விடவில்லை. ஒரு விபத்தில் மூவர் இறந்தார்கள் என்பதைப் பிரெஞ்சுச் செய்தியில் இந்த வினையைக் கொண்டே சொல்ல முடியும். அங்கே யார் மீதும் குற்றச்சாட்டு இல்லை, இழப்பு மட்டும் இருக்கிறது. இருபதாம் நூற்றாண்டுக்கு முன் ஐரோப்பிய ராஜதந்திரத்தின் பொதுமொழி பிரெஞ்சு. ஐ.நா. செயலகத்தின் பணிமொழிகளில் ஒன்றாக அது இன்றும் இருக்கிறது. ஆங்கில 'டிப்ளோர்' என்ற சொல்லில் ஈரம் காயாமல் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

ஆக, 'கண்டெம்' சொல்பவர் நீதிபதியின் இருக்கையில் அமர்ந்து சொல்கிறார். 'டிப்ளோர்' சொல்பவர் நடந்ததைப் பார்த்து நெஞ்சு பொறுக்காமல் சொல்கிறார். இரண்டிலும் ஏற்க மறுப்பது உண்டு. முதலாவதில் குற்றவாளி யார் என்று முடிவாகிவிடுகிறது. இரண்டாவதில் அந்த முடிவு பேசப்படாமல் நிற்க இடம் உண்டு.

இதைச் சீனருக்குப் புரியவைக்கச் சீன எழுத்துகளே போதும் என்பது என் எண்ணம். 'ச்சியென்ஸ' என்பதன் முதல் எழுத்தில் 'பேச்சு' என்னும் உறுப்பு (பொருளைச் சுட்டும் எழுத்துக்கூறு) இடப்பக்கம் நிற்கிறது. இரண்டாவது எழுத்து 'பொறுப்பு' என்ற சீனச் சொல்லில் வரும் அதே எழுத்து. வாயால் ஒருவர் மீது பொறுப்பைச் சுமத்துவது என்ற படம் எழுத்திலேயே தெரிகிறது. 'டிப்ளோர்' என்பதற்கு நல்ல அகராதிகள் தரும் இன்னொரு சொல் 'துங்ஷி'. அதில் முதல் எழுத்து வலி. இரண்டாவது எழுத்தின் இடப்பக்கம் 'நெஞ்சு' என்னும் உறுப்பு. வருத்தத்தைக் குறிக்கும் 'யீஹான்' என்பதன் இரண்டாம் எழுத்திலும் அதே நெஞ்சு. பேச்சுறுப்பு உள்ள சொல் ஒரு பக்கம், நெஞ்சுறுப்பு உள்ள சொற்கள் மறுபக்கம் என்று பிரித்து, 'டிப்ளோர்' இரண்டுக்கும் நடுவில், நெஞ்சுப் பக்கம் சாய்ந்து நிற்கிறது என்று காட்டினால் பத்துப் பக்க இலக்கணம் சொல்லாததை மாணவர் பிடித்துக்கொள்வார். சொற்பட்டியல் செய்யும் தவறு, நெஞ்சுப் பக்கத்தை வெட்டிவிட்டுப் பேச்சுப் பக்கத்தை மட்டும் கொடுப்பதுதான்.

இந்தப் பிரிவினை ஏட்டளவில் நிற்பதும் இல்லை. 2001 ஏப்ரல் 1 அன்று ஹைனான் தீவுக்கு அருகே அமெரிக்க உளவு விமானம் ஒன்றும் சீனப் போர் விமானமும் மோதின. சீன விமானி வாங் வெய் இறந்தார். தீவில் தரையிறங்கிய அமெரிக்க விமானத்தின் 24 பேரும் அங்கேயே நிறுத்திவைக்கப்பட்டார்கள். வாஷிங்டன் முதலில் வருத்தம் தெரிவித்தது. பெய்ஜிங் கேட்டது மன்னிப்பு. ஏப்ரல் 11 அன்று அமெரிக்கத் தூதர் ஜோசப் ப்ரூயர், சீன வெளியுறவு அமைச்சர் தாங் ஜியாஷுவானுக்கு எழுதிய கடிதத்தில் 'வெரி ஸாரி' என்ற தொடர் இரண்டு இடங்களில் வந்தது. சீன ஊடகங்கள் அதை 'ஷென் பியாவ் ச்சியென்யீ', அதாவது ஆழ்ந்த மன்னிப்புக் கோருதல் என்று வெளியிட்டன. அமெரிக்கத் தரப்போ, தான் தவறை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்கவில்லை என்றே சொல்லிவந்தது. 24 பேரும் நாடு திரும்பினார்கள். வருத்தம் எங்கே முடிந்து பொறுப்பு எங்கே தொடங்குகிறது என்ற கோட்டை இரு நாடுகளும் எவ்வளவு கவனமாகப் பார்க்கின்றன என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி கிடையாது.

ஐ.நா. வரலாற்றில் 'டிப்ளோர்' அதிகம் உழைத்தது வல்லரசுகள் அத்துமீறியபோதுதான். 1980 ஜனவரியில் ஆப்கானிஸ்தானில் சோவியத் படைகள் இருந்ததைக் குறித்துப் பொது அவை நிறைவேற்றிய தீர்மானத்தில் வரும் தொடர் 'ஸ்ட்ராங்லி டிப்ளோர்ஸ்'. 104 நாடுகள் ஆதரவு, 18 எதிர்ப்பு. அந்தத் தீர்மானம் 'அண்மைய ஆயுதத் தலையீடு' என்கிறதே தவிர, சோவியத் ஒன்றியத்தின் பெயரைச் சொல்லவில்லை. 1983இல் கரீபியத் தீவு நாடான கிரனடாவில் அமெரிக்கா இறங்கியபோது 'டீப்லி டிப்ளோர்ஸ்'. 108 ஆதரவு, 9 எதிர்ப்பு. 1989 டிசம்பரில் பனாமா. மறுபடியும் 'ஸ்ட்ராங்லி டிப்ளோர்ஸ்', 75 ஆதரவு, 20 எதிர்ப்பு. பத்து ஆண்டுகளில் மூன்று படையெடுப்புகள், இரண்டு வல்லரசுகள், ஒரே வினைச்சொல். பெரிய நாட்டைப் பகைத்துக்கொள்ளத் தயங்கும் சிறிய நாடுகளையும் ஒரே தீர்மானத்தின் கீழ்க் கூட்டிவர அந்தச் சொல் உதவியது.

மறுபக்கம், 1990 ஆகஸ்ட் 2 அன்று ஈராக் குவைத்துக்குள் நுழைந்த அதே நாளில் பாதுகாப்பு அவை எடுத்த வினைச்சொல் 'கண்டெம்'. 1998 மே மாதம் பொக்ரானிலும் பாகிஸ்தானிலும் அணு ஆயுதச் சோதனைகள் நடந்தபின் ஜூன் 6 அன்று ஒருமனதாக நிறைவேறிய 1172ஆம் தீர்மானத்திலும் 'கண்டெம்'தான். சோதனை நடந்த தேதிகளையும் இரு நாடுகளின் பெயர்களையும் குறிப்பிட்டே அந்தத் தீர்மானம் கண்டித்தது. செயலின் கொடுமையை அளந்து சொல் தேர்ந்தெடுக்கப்படுகிறது என்று எண்ணினால் இந்த வரிசை குழப்பும். ஒரு நாட்டின் மீது படையெடுத்ததற்கு 'டிப்ளோர்', யாரும் சாகாத சோதனைக்குக் 'கண்டெம்'. எத்தனை வாக்குகள் கிடைக்கும், யாரிடம் வீட்டோ இருக்கிறது, யாரைச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்ற கணக்குத்தான் சொல்லைத் தீர்மானிக்கிறது. இதை வெளிப்படையாகச் சொல்லாத எந்த அகராதியும் மாணவருக்குப் பாதி உண்மையைத்தான் தருகிறது.

ஒரே ஆவணத்தில் இரண்டு சொற்களும் எப்படி வேலை செய்கின்றன என்று பார்க்க 2010 ஜூலை 9ஆம் தேதியிட்ட பாதுகாப்பு அவைத் தலைவரின் அறிக்கையைப் படிக்கச் சொல்வேன். அந்த ஆண்டு மார்ச் 26 அன்று தென்கொரியக் கடற்படைக் கப்பல் சோனான் மூழ்கி 46 பேர் இறந்தார்கள். வடகொரியாவே காரணம் என்றது தென்கொரியா தலைமையிலான விசாரணைக் குழு, வடகொரியா மறுத்தது, சீனா வடகொரியாவைப் பெயர் சொல்லிச் சாட விடவில்லை. அறிக்கை முதலில் தாக்குதலை 'டிப்ளோர்' செய்கிறது. அடுத்து உயிரிழப்பை அதே சொல்லால் குறிப்பிட்டுக் குடும்பங்களுக்கு இரங்கல் சொல்கிறது. முதல் இடத்தில் மனம் ஒப்பாமை, இரண்டாவது இடத்தில் கலப்பற்ற துயரம். பிறகு விசாரணைக் குழுவின் முடிவு குறித்துக் கவலை தெரிவிக்கிறது, வடகொரியாவின் மறுப்பையும் பதிவுசெய்கிறது. கடைசியில்தான் கப்பல் மூழ்கக் காரணமான தாக்குதலை 'கண்டெம்' செய்கிறது. தாக்கியவர் யார் என்று அந்த வாக்கியத்தில் இல்லை. தீர்ப்புச் சொல் வந்துவிட்டது, குற்றவாளிக் கூண்டு மட்டும் காலியாக இருக்கிறது.

தமிழர்களுக்கு நெருக்கமான ஓர் ஆவணமும் இந்த வரிசையில் சேரும். 2009 மே 27 அன்று ஜெனீவாவில் மனித உரிமைப் பேரவை இலங்கை குறித்து நிறைவேற்றிய தீர்மானத்தின் முன்னுரையில், பொதுமக்கள் மீது விடுதலைப் புலிகள் நடத்திய தாக்குதல்களுக்கும் மக்களைக் கேடயமாக்கியதற்கும் 'கண்டெம்' வருகிறது. அரசுப் படைகளைக் குறித்து 'கண்டெம்' என்றோ 'டிப்ளோர்' என்றோ ஒரு வினைச்சொல்லும் அதில் இல்லை. 29 நாடுகள் ஆதரித்தன, 12 எதிர்த்தன, 6 ஒதுங்கின. சீனாவும் இந்தியாவும் ஆதரித்தவற்றில் இருந்தன. இந்தச் சொற்களைப் படிப்பவர் எது எழுதப்பட்டிருக்கிறது என்பதோடு எது எழுதப்படவில்லை என்பதையும் படித்தாக வேண்டும்.

முன்னுரை என்றேன்; அதில் சீன மொழிக்கு மட்டும் உரிய ஓர் இடர் இருக்கிறது. ஐ.நா. தீர்மானத்தின் முன்னுரைப் பத்திகள் ஆங்கிலத்தில் 'டிப்ளோரிங்', 'கண்டெம்னிங்' என்று எச்ச வடிவில் தொடங்கும். எண்ணிட்ட செயற்பத்திகள் 'டிப்ளோர்ஸ்', 'கண்டெம்ஸ்' என்று முற்று வடிவில் தொடங்கும். செயற்பத்திக்கே எடை அதிகம். தமிழில் 'கண்டித்து' என்றும் 'கண்டிக்கிறது' என்றும் இதை அப்படியே கொண்டுவரலாம். சீன வினைச்சொல்லுக்குத் திரிபே கிடையாது. இரண்டு இடத்திலும் ஒரே எழுத்துகள். பத்திக்கு எண் இருக்கிறதா இல்லையா என்பதைப் பார்த்துத்தான் எடையை அறிய முடியும். 2022 மார்ச் 2 அன்று 141 நாடுகள் ஆதரித்த பொது அவைத் தீர்மானத்தில் இது எவ்வளவு நுணுக்கமாகக் கையாளப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். ரஷ்யாவின் 'சிறப்பு ராணுவ நடவடிக்கை' அறிவிப்புக்குக் 'கண்டெம்' உண்டு, ஆனால் முன்னுரையில். ஆக்கிரமிப்பு என்று பெயர் சொல்லிச் செயற்பத்தியில் வருவது 'டிப்ளோர்ஸ் இன் த ஸ்ட்ராங்கஸ்ட் டெர்ம்ஸ்'. மென்மையான வினைச்சொல்லுக்கு மிகக் கடுமையான அடைமொழி. இந்தியா, சீனா, இலங்கை உள்ளிட்ட 35 நாடுகள் ஒதுங்கி நின்றன.

இனி பெய்ஜிங் இந்தச் சொல்லை என்ன செய்கிறது என்பதைப் பார்க்கலாம். சீன வெளியுறவு அமைச்சகத்துக்குத் தனக்கென ஒரு சொல்வரிசை உண்டு. கவலை, வருத்தம், அதிருப்தி, கடும் அதிருப்தி, உறுதியான எதிர்ப்பு, முறைப்படி ஆட்சேபம், கண்டனம் என்று அது ஏறுகிறது. 2016 ஜூலை 8 அன்று தென்கொரியாவில் 'தாட்' ஏவுகணைத் தடுப்பு அமைப்பை நிறுவப்போவதாக அறிவிப்பு வந்தபோது சீனா சொன்னது 'ச்சியாங்லியெ பூமான்', 'ஜியென்ஜுவே ஃபான்துய்': கடும் அதிருப்தி, உறுதியான எதிர்ப்பு. அந்தக் காலத்து ஆங்கில அறிக்கைகள் இதைச் சொல்லுக்குச் சொல் 'டிஸ்ஸாட்டிஸ்ஃபேக்ஷன்' என்றே பெயர்த்தன. படிக்க ஒரு வாடிக்கையாளரின் புகார்க் கடிதம்போல இருக்கும். அண்மை ஆண்டுகளில் அதே சீனத் தொடருக்கு 'ஸ்ட்ராங்லி டிப்ளோர்ஸ் அண்ட் ஃபர்ம்லி அப்போஸஸ்' என்று எழுதுகிறார்கள். என் பார்வையில் இது மிகச் சரியான தேர்வு. 'பூமான்' என்றால் மனம் நிறைவு கொள்ளவில்லை என்று பொருள். அது தீர்ப்புச் சொல் இல்லை. உண்மையிலேயே தீர்ப்புச் சொல்ல நினைத்தபோது, 2022 ஆகஸ்ட் 2 அன்று அமெரிக்கப் பிரதிநிதிகள் அவைத் தலைவர் நான்சி பெலோசி தைவானில் இறங்கியபோது, சீன அறிக்கையில் வந்தது 'ச்சியென்ஸ', ஆங்கிலத்தில் 'கண்டெம்'. அதாவது பெய்ஜிங்கின் மொழிபெயர்ப்பாளர்கள் 'டிப்ளோர்' என்பதை 'ச்சியென்ஸ'வுக்குக் கீழே, 'பூமான்' இருக்கும் படியில் வைத்துவிட்டார்கள். சொற்பட்டியல்கள் அதை இன்னும் மேல்படியிலேயே வைத்திருக்கின்றன. மாணவர்கள் எதைப் பின்பற்ற வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

மேலே வந்த 'தாட்' விவகாரம் இன்னொரு சிறு பொறியையும் காட்டுகிறது. படைக்கலத்தை ஓரிடத்தில் நிறுத்துவது 'டிப்ளாய்'. அதைக் குறைகூறுவது 'டிப்ளோர்'. இரண்டும் ஒரே செய்தியில், சில நேரம் ஒரே வாக்கியத்தில் வரும். எழுத்தில் ஓரிரு எழுத்துதான் வித்தியாசம். அவசரத்தில் மாற்றி எழுதினால் பொருள் தலைகீழாகிவிடும்.

வாக்கியத்தில் இதை அமைப்பதில் சீனர்கள் இடறும் இடங்கள் சில உண்டு. முதலாவது, யாரை என்ற கேள்வி. சீன 'ச்சியென்ஸ' ஆளையும் ஏற்கும், செயலையும் ஏற்கும். ஆங்கில 'கண்டெம்' அப்படியே. ஒருவரை இன்ன காரணத்துக்காக என்று 'ஃபார்' சேர்த்து எழுதலாம். 'டிப்ளோர்' செயலையும் நிலைமையையும்தான் இயல்பாக ஏற்கிறது. வன்முறையை, அலட்சியத்தை, வசதியின்மையை, ஒருவருடைய நடத்தையை 'டிப்ளோர்' செய்யலாம். 'ஐ டிப்ளோர் ஹிம்' என்று ஆளை நேராக நிறுத்தினால் ஆங்கிலக் காதுக்கு இடறும். அழுகையிலிருந்து பிறந்த சொல் என்பதை நினைவில் வைத்தால் இது விதியாகத் தோன்றாது. நடந்ததற்காக அழுகிறோம்.

இரண்டாவது, பெயர்ச்சொல் இல்லாமை. சீனத்தில் ஒரே சொல் வினையாகவும் பெயராகவும் நிற்கும். 'பியாவ்ஷி', அதாவது தெரிவித்தல் என்பதை முன்னால் போட்டு எந்த உணர்வையும் தெரிவித்துவிடலாம். அந்தப் பழக்கத்தில் 'எக்ஸ்பிரஸ் ஸ்ட்ராங் டிப்ளோர்' என்று எழுதிவிடுகிறார்கள். இன்றைய ஆங்கிலத்தில் இந்த வினைக்குப் புழக்கத்தில் உள்ள பெயர்ச்சொல் இல்லை. 'கண்டம்னேஷன்' உண்டு, 'ரிக்ரெட்' உண்டு, இதற்கு மட்டும் கிடையாது. வினையாகவே வைத்து 'ஸ்ட்ராங்லி டிப்ளோர்' என எழுதுவதே வழி. தமிழர்களுக்கு இந்தச் சிக்கல் எளிதில் புரியும்: கண்டி, கண்டனம் என்று நாம் வடிவம் மாற்றியே பழகியிருக்கிறோம்.

மூன்றாவது, யார் வாயில் வருகிறது என்பது. அமைச்சகம் சொல்லலாம், அவை சொல்லலாம், தலையங்கம் சொல்லலாம், பேராயர் சொல்லலாம். அறைத்தோழனின் சமையல் பிடிக்கவில்லை என்பதற்கு இதை எடுத்தால் பொருந்தாது. அங்கே 'டிஸப்ரூவ்' கூடக் கனம்தான். அந்த 'டிஸப்ரூவ்' பின்னால் 'ஆஃப்' வேண்டும் என்பதையும் சீனர்கள் அடிக்கடி விட்டுவிடுகிறார்கள். விட்டால் பிடிக்கவில்லை என்பதற்குப் பதில் அதிகாரி அனுமதி மறுத்தார் என்றாகிவிடும்.

கடைசியாக, 'டிப்ளோரபிள்' என்னும் பெயரடை. சுகாதாரமற்ற முகாமின் நிலையைச் சொல்ல இது வந்தால் இரக்கம் மேலோங்கும். அமைச்சரின் நடத்தையைச் சொல்ல வந்தால் வெட்கக்கேடு என்ற பொருள் மேலோங்கும். 2016 செப்டம்பர் 9 அன்று நியூயார்க்கில் ஹிலாரி கிளிண்டன், டிரம்பின் ஆதரவாளர்களில் பாதிப் பேரைப் பொதுவாகச் சொன்னால் 'பாஸ்கெட் ஆஃப் டிப்ளோரபிள்ஸ்' எனலாம் என்று பேசினார். செயலுக்கு உரிய சொல்லை ஆட்கள் மேல் ஒட்டியது அந்தப் பேச்சு. அது கிளப்பிய கோபத்தில் இதற்கும் பங்கு உண்டு. டிரம்பின் ஆதரவாளர்கள் அந்தச் சொல்லைச் சட்டையில் அச்சிட்டு அணிந்தார்கள். சீன மொழிபெயர்ப்புகள் பலவற்றில் அது 'கபெய்' ஆனது. அந்தச் சொல்லில் அடியில் நிற்பது நெஞ்சுறுப்பு, பொருள் பரிதாபத்துக்குரியது. அப்படிப் படித்த சீன வாசகருக்குக் கிளிண்டன் அந்த மக்களைப் பார்த்து இரங்கியதாகத் தோன்றியிருக்கும். அவர் அன்று பேசியதில் இரக்கமும் இருந்தது. ஆனால் அது இன்னொரு பாதியினருக்கு, அரசும் பொருளாதாரமும் கைவிட்டதாக உணர்ந்தவர்களுக்கு, அதே பேச்சின் அடுத்த வாக்கியங்களில் வருகிறது.